ஒத்திகையை நம்பிய அருவி

ஜெனோசன் ஒத்திகைக்காக ஒற்றை முழங்காலில் நின்றதற்கு மறுநாள் காலை, ஹமில்ரன் பக்கத்துக் காட்டுக்குள் விழுந்துகொண்டிருந்த அருவி அங்கிருந்து புறப்பட்டு, ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் அவனும் தாயாரும் குடியிருந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வீடு ஏழாம் மாடியில். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பதால் படியேறித்தான் வந்தது. படிகள் ஈரமாகக் கிடந்ததைக் கட்டடத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். யாரோ வாளியைக் கவிழ்த்துவிட்டார்கள் என்று நினைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அந்த ஒத்திகையை நடத்தியவள் அருள்மலர். சிறுமியாகப் பார்க்டேலில் வந்திறங்கியவள், கலியாணம், பூப்புச் சடங்கான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று ரொறன்ரோத் தமிழரின் நல்ல நாட்களையெல்லாம் இருபது வருடமாகப் படம் பிடித்து வந்தாள். இங்கே பிறந்த பிள்ளைகள் கலியாணத்துக்கு முன்னால் சர்ப்ரைஸ் புறப்போசல் என்று, முன்கூட்டிச் சொல்லாமல் பெண்ணைக் கூட்டிப்போய் முழங்காலில் நின்று கட்டுறியோ என்று கேட்கிற ஒன்றை வைக்கத் தொடங்கியபோது அவளுடைய தொழிலில் ஒளிந்திருப்பதும் சேர்ந்துகொண்டது. புதருக்குள் இருந்து எடுத்தாள், குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து எடுத்தாள், ஒருமுறை தூண்டிலும் தொப்பியுமாக மீன்பிடிக்கிறவள்போல நின்று எடுத்தாள். முகம் விஷயத்தில் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. அந்த வார்த்தைகளை வாழ்க்கையில் முதல்தடவையாகச் சொல்கிறவனுடைய முகம் படத்தில் பல்வலிக்காரன் முகம்போலத்தான் விழும். ஆகவே முதல்நாளே ஆளை அந்த இடத்துக்குக் கூட்டிப்போய், வெயில் எந்தப் பக்கம், எந்த முழங்கால் என்று பார்த்து, வார்த்தைகளையும் ஒருதரம் சொல்லவைத்துவிடுவாள்.

ஜெனோசன் பிறம்ரனில் ஒரு லொறிக் கம்பனியில் எந்த லொறி எங்கே போவது என்று ஒழுங்குபடுத்துகிற வேலை பார்த்தான். நல்ல பிள்ளை. இல்லை என்ற சொல் மட்டும் அவனுக்கு வாயில் வராது. சாரதிகள் எல்லோரும் ஒரே நாளில் லீவு கேட்டால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தானே லொறியில் ஏறுவான். சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர் எல்லோரையும் விமான நிலையத்தில் ஏற்றி இறக்கினான். ஒரே முகூர்த்தத்தில் நடந்த இரண்டு கலியாணங்களுக்கு அறிவிப்பாளராக ஒப்புக்கொண்டு, மார்க்கத்துக்கும் ஸ்காபரோவுக்கும் இடையில் காரில் ஓடிக்கொண்டே தாலிகட்டு முடிந்துவிட்டதென்று தொலைபேசியில் அறிவித்திருக்கிறான். பல் வைத்தியசாலையில் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருந்த அட்சயாவோடு மூன்று வருடப் பழக்கம். அவளைத்தான் அருவிக்கரையில் வைத்துக் கேட்கப்போகிறான்.

ஒத்திகையில் அட்சயா இல்லை. எதைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் ஜெனோசன் அருள்மலரின் சப்பாத்தைப் பார்த்தான். "என்னைப் பாக்காதையும் தம்பி, எனக்குச் சிரிப்பு வருது. அந்தத் தண்ணியைப் பாத்துச் சொல்லும்" என்றாள் அவள். அவன் அருவியின் பக்கம் திரும்பி, முழங்காலை ஈரக் கல்லில் ஊன்றி, மோதிரப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அட்சயாவின் பெயரைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பெயரை விட்டுவிட்டான். "உன்னோடை இருக்கேக்கை எனக்கு மற்ற எல்லாச் சத்தமும் அடங்கிப்போகுது. என்னோடை வந்து இருப்பியா?" என்று கேட்டான். எதிர்பாராத அளவு நன்றாகவே சொன்னான். அருள்மலருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பட்டனை அழுத்தினாள். அந்த நேரம் அருவியின் இரைச்சல் ஒரு மூச்சளவுக்கு நின்று, பிறகு கொஞ்சம் மெதுவாகத் தொடங்கியது. காது அடைத்துத் திறந்திருக்கும் என்று அவள் நினைத்தாள். சாரல் அடித்த பெட்டியை ஜெனோசன் உள்ளே பார்க்காமலே மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்தநாள் காலை அருள்மலர் நேரத்தோடு போய்ப் புதருக்குள் இருந்தாள். இலைகளை விலக்கிப் பார்த்தபோது எதிரே ஒரு காய்ந்த பாறை நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பூங்காக்காரர் இருவர் பாறையை அண்ணாந்து பார்த்து, தலையைச் சொறிந்து, பிறகு போய் ஒரு பலகையை எடுத்துவந்து மாட்டினார்கள். அதில் 'அருவி தற்போது இல்லை' என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெனோசன் அட்சயாவைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். அட்சயா பலகையை வாசித்தாள், பாறையைப் பார்த்தாள். "ஜெனோ, ஒரு கல்லைப் பாக்கவா என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனீ?" என்று கேட்டாள். அவன் பதில் தேடிக்கொண்டிருக்கையில் தாயார் பாலேஸ்வரியின் அழைப்பு வந்தது. "தம்பி, வீட்டை ஒரு ஆள் வந்து நிக்குது. உன்னைத்தான் தேடி வந்ததுபோலக் கிடக்கு. கெதியா வா."

புதருக்குள் இருந்தபடியே அருள்மலர் முதல்நாள் எடுத்த படத்தைக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். படத்தில் அருவி நேராக விழவில்லை. முழங்காலில் நின்றவனின் பக்கமாக, அவன் சொல்வதைக் கேட்கக் குனிந்ததுபோலச் சாய்ந்திருந்தது. தன் வாழ்நாளில் எடுத்த மிக நல்ல படம் இதுதான் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. ஏதோ பெரிய பிழை நடந்துவிட்டது என்பதும் தெரிந்தது. தலையில் இலைகளோடு ஓடிப்போய்த் தன்னுடைய வான் வண்டியில் ஏறி அவர்களுடைய காரின் பின்னால் போனாள்.

அருவி தொலைக்காட்சிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையில் நின்றது. பெரிய உயரத்தையெல்லாம், சேலையைக் கொசுவிச் செருகுவதுபோல மடித்து, கூரைக்கும் கம்பளத்துக்கும் இடையில் அடக்கிக்கொண்டு விழுந்தது. விழுந்த தண்ணீர் எங்கே போனதென்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. கம்பளம் நனையவில்லை. பாலேஸ்வரி முறைப்படி தேத்தண்ணி ஊற்றிவைத்து, என்ன ஆக்கள், எந்தப் பக்கம் என்று விசாரித்துப் பதில் வராமல் காத்திருந்தாள். தண்ணீருக்குள் நெஞ்சளவு உயரத்தில் ஜெனோசன் வாங்கிய மோதிரம் மினுங்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் பெட்டியைத் திறந்து பார்த்தான். பெட்டிக்குள் ஒரு துளி தண்ணீர் மட்டும் இருந்தது.

அருள்மலர் நடந்ததைச் சொல்லிப் படத்தைக் காட்டினாள். அட்சயா அருவியை விட்டுவிட்டுப் படத்திலிருந்த ஜெனோசனின் முகத்தையே நெடுநேரம் பார்த்தாள்.

"உந்த முகத்தோடை நீ என்னை ஒருநாளும் பாக்கேல்லை."

"அது உன்னை நினைச்சுத்தான் அட்சயா. சத்தியமா."

"அப்ப அதை அவவிட்டைச் சொல்லு. உங்களைக் கேக்கேல்லை எண்டு சொல்லு."

ஜெனோசன் அருவியின் முன்னால் போய் நின்றான். தொண்டையைக் கனைத்தான். அருவி வெயிலில் சின்னதாக ஒரு வானவில்லைக் காட்டியது. "வந்து... களைச்சுப் போனீங்களோ?" என்று கேட்டான். திரும்பி, நாளைக்குச் சொல்கிறேன் என்று அட்சயாவிடம் சொன்னான். அட்சயா கைப்பையை எடுத்துக்கொண்டு, ஈரப் படிகளில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்விட்டாள்.

ஒரு கிழமைக்குள் அந்த வீட்டில் யாரும் அதை 'அது' என்று சொல்வதை விட்டுவிட்டார்கள், 'அவ' என்றே சொன்னார்கள். இங்கேயும் இனி அப்படியே சொல்வதுதான் மரியாதை. கட்டட நிர்வாகம் ஆளனுப்பிப் பார்த்தது. குழாய் எதுவும் வெடிக்கவில்லை, யாருடைய வீட்டிலும் ஒழுகவில்லை, ஆகவே வந்திருப்பது விருந்தாளிதான் என்று முடிவு செய்தார்கள். விருந்தாளிகள் தங்கக்கூடாது என்று விதி இல்லை. அந்த வருடம் யூலையில் ரொறன்ரோ அவிந்தபோது ஏழாம் மாடியில் மட்டும் யாரும் மின்விசிறி போடவில்லை. கீழ்வீட்டு ரஹ்மத்தும்மா, மழைச் சத்தத்தில் மத்தியான நித்திரை நன்றாக வருகிறதென்று ஒரு தட்டு வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தாள். பாலேஸ்வரியின் கறிவேப்பிலைச் செடி சாரலில் வளர்ந்து கூரையை முட்டியது. தொலைக்காட்சிச் சத்தம்தான் கேட்கவில்லை. நாடகத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள். எதிர்த்துக் கதைப்பதில்லை, எந்நேரமும் குளித்து முழுகின மாதிரி நிற்கிறாள், மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

ஜெனோசன் தினமும் காலையில் அருவியின் முன் நின்று வாயைத் திறந்தான். நல்லா இருக்கிறீங்களோ என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போனான். பின்னேரம் வந்தும் அதையே கேட்டான். பொறுக்கமுடியாமல் அருள்மலர் ஒருநாள் தானே போய், அது ஒத்திகை, ஒத்திகை என்றால் மெய்யாகச் செய்வதற்கு முன்னால் பொய்யாகச் செய்து பார்ப்பது என்று அருவிக்கு விளங்கப்படுத்தினாள். அருவி அவளுடைய மூக்குக்கண்ணாடியில் கொஞ்சம் சாரலை அடித்துவிட்டுப் பேசாமல் விழுந்தாள். கேட்டவன் வந்து சொல்லவேண்டியதை இவள் ஏன் சொல்கிறாள் என்பதுபோல இருந்தது.

அட்சயா ஜெனோசனுடைய அழைப்புகளை எடுக்கவில்லை. அருள்மலர் பல் சுத்தம் செய்ய நேரம் கேட்டு வைத்தியசாலைக்கே போனாள். கதிரையைச் சாய்த்து, வெளிச்சத்தைப் போட்டு, அருள்மலரின் வாய் நிறையக் கருவிகளை வைத்த பிறகுதான் அட்சயா பேசத் தொடங்கினாள்.

"எனக்கு அந்தத் தண்ணியிலை கோவம் இல்லையக்கா. மூண்டு வருசத்துக்கு முந்தி முதல் கேட்டது நான். என்னோடை கோப்பி குடிக்க வாறியோ எண்டு. ஓம் எண்டவன். பிறகு சினிமாவுக்கு வாறியோ எண்டு கேட்டன், ஓம். என்னை விரும்புறியோ எண்டு கேட்டன், அதுக்கும் ஓம். இல்லை எண்டு சொல்லத் தெரியாதவன் சொல்லுற ஓமை வைச்சு நான் என்ன செய்யிறது? வாயைக் கொஞ்சம் அகலத் திறவுங்கோ."

அருள்மலரிடம் அதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. வாயில் கருவி இருந்ததால் அதைச் சொல்ல முடியவில்லை. கருவியை எடுத்த பிறகு யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு நல்ல பதிலாக இல்லை. கொப்பளித்துத் துப்பிவிட்டு எழும்பி வந்தாள்.

ஒக்ரோபரில் குளிர் தொடங்கவே கட்டடம் முழுவதும் ஹீற்றர் போட்டார்கள். அதோடு அருவி மெலியத் தொடங்கினாள். முதலில் கரையோரத் தண்ணீர் நின்றது, பிறகு இரைச்சல் குறைந்தது, கடைசியில் சேலைத் தலைப்பளவு அகலத்துக்கு ஒடுங்கிப்போனாள். நாடகச் சத்தம் திரும்பக் கேட்கத் தொடங்கியது. பாலேஸ்வரி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அருள்மலரைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை உருகிப் போகுது. குளிருக்கு உறைய வேண்டிய ஆளைச் சூட்டுக்குள்ளை வைச்சிருக்கிறம். எனக்கு அவவை விட மனம் இல்லைத்தான். ஆனா பொய்யிலை ஒரு பெண்ணை வீட்டிலை வைச்சிருக்க ஏலாது. நீதானே பிள்ளை தொடக்கினனீ, வந்து ஏதாவது செய்."

அருள்மலர் நேராக வைத்தியசாலைக்குப் போய் அட்சயாவை வெள்ளைச் சட்டையோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அட்சயா அருவியைப் பார்த்து வாசலில் நின்றுவிட்டாள். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தண்ணீருக்குள் கையை வைத்தாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. காய்ச்சல்காரியின் கை அப்படித்தான் இருக்கும்.

ஜெனோசன் சுவரோடு நின்றான். "நீ திரும்பி வருவியெண்டா இப்பவே சொல்லுறன்" என்றான்.

"எனக்காகச் சொல்ல வேண்டாம்" என்றாள் அட்சயா. "சொன்னாப் பிறகு நான் உனக்கு ஓம் சொல்லுவன் எண்டு நினையாதை. அவவுக்காகச் சொல்லு. ஒருதரும் சொல்லாமல் விட்டால் அவ இஞ்சை நிண்டே முடிஞ்சுபோவா."

ஜெனோசன் இந்தத் தடவை முழங்காலில் நிற்கவில்லை. அருவியின் முன்னால் கம்பளத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். பாலேஸ்வரி குசினிக் கதவோடு நின்று சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் நல்லவ" என்றான் கடைசியில். "நான் கேட்டது உங்களை இல்லை. சொல்லிப் பழகினனான். நீங்கள் நம்பி வந்திட்டீங்கள், வந்த நாளே நான் சொல்லியிருக்க வேணும். சொன்னால் உங்களுக்கு நோகுமெண்டு விட்டன். எனக்கு நோகுமெண்டுதான் விட்டன், அதுதான் உண்மை. என்னோடை இருப்பீங்களோ எண்டு நான் உங்களைக் கேக்கேல்லை." பிறகு அந்தச் சொல்லைத் தனியாக எடுத்துச் சொன்னான். "இல்லை."

அருவி விழாமல் நின்றாள். கீழ்வீட்டில் ரஹ்மத்தும்மா நித்திரையால் எழும்பி, என்ன நடந்தது என்று கூரையைப் பார்த்தாள். மோதிரம் கம்பளத்தில் விழுந்து உருண்டு மேசைக்கடியில் போனது. ஜெனோசன் அழுதுகொண்டிருந்தான். அட்சயா பக்கத்தில் போய் உட்காரவில்லை, வெளியே போகவும் இல்லை. பிறகு தண்ணீர் மறுபடி விழுந்தது. மெல்லியதாகத்தான், ஆனால் சத்தம் தெளிவாக இருந்தது.

அருவியைக் காட்டுக்குத் தனியே அனுப்பக்கூடாது என்று பாலேஸ்வரி சொல்லிவிட்டாள். அருள்மலர் வானின் பின்பக்கத்திலிருந்த லைற்றுகளையும் குடைகளையும் இறக்கிவைத்தாள், அருவி ஏறிக்கொண்டாள். முன்னால் ஜெனோசன், நடுவில் அட்சயா, அவளுக்குப் பக்கத்தில் மடியில் இடியப்பப் பெட்டியோடு பாலேஸ்வரி. 401 நெடுஞ்சாலையில் பின்கதவு இடுக்குகளால் தண்ணீர் பாய, அருள்மலர் வலக்கரைப் பாதையில் மெதுவாகவே ஓட்டினாள். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள், கிட்ட வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடி துடைப்பானைப் போட்டுக்கொண்டு விலகிப் போனார்கள். காட்டுக்குள் மேப்பிள் இலைகள் சிவந்து கிடந்தன. அருவி வண்டியிலிருந்து இறங்கி, ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் பாறையின் பின்பக்கமாக ஏறிப்போனாள். உச்சிக்குப் போனதும் கொசுவத்தை உதறியதுபோல முழு உயரமும் அவிழ்ந்து விழுந்தது. கீழே நின்ற நால்வரும் நனைந்தார்கள். பூங்காக்காரர் வந்து பலகையைக் கழற்றினார். ஜெனோசன் அட்சயாவின் பக்கம் திரும்பியபோது, "இப்ப ஒண்டும் கேளாதை" என்றாள் அவள். ஈர இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஜெனோசன் இல்லை சொல்லிப் பழகினான். முதலில் சாரதிகளுக்குச் சொன்னான். பிறகு விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகக் கேட்டவர்களுக்குச் சொன்னான். சித்தப்பா முறையான ஒருவர் இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. தாயாருக்கும் ஒருமுறை சொன்னான். அன்று பாலேஸ்வரி கோபத்தில் சமைக்காமல் இருந்துவிட்டு, பிறகு தனக்குப் பசித்ததால் சமைத்தாள். சொல்லச் சொல்ல அவனுடைய குரல் கொஞ்சம் கீழிறங்கியது, முதுகு நிமிர்ந்தது. அட்சயாவை மாதத்தில் ஒருமுறை கோப்பிக் கடையில் கண்டான். ஒருநாள் அவள் சினிமாவுக்குக் கேட்டாள். அவன் யோசித்து, "இல்லை, உந்தப் படம் எனக்குப் பிடிக்காது" என்றான். அட்சயா கோப்பியைக் கீழே வைத்துவிட்டு அவனை வடிவாகப் பார்த்தாள்.

ஏப்ரலில் பனி கரைந்து அருவி முழுப் பலத்தோடு விழத் தொடங்கிய கிழமை அட்சயா அருள்மலருக்குப் போன் எடுத்தாள். "அக்கா, ஒரு சர்ப்ரைஸ் புறப்போசல் எடுக்க வேணும். கேக்கப்போறது நான். ஒத்திகை வேண்டாம்."

அருள்மலர் அதே புதருக்குள் இருந்தாள். இரைச்சலில் ஒன்றும் கேட்காதென்றுதான் நினைத்தாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அட்சயா முழங்காலில் நிற்கவில்லை. எதிரே நின்று, அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்னைக் கலியாணம் கட்டுறியோ என்று கேட்டாள். "ஏலாதெண்டால் இல்லை எண்டு சொல்லு, ஜெனோ. இப்ப உனக்குச் சொல்லத் தெரியும்." ஜெனோசன் யோசித்தான். மெய்யாகவே யோசித்தான். அருவி இம்முறை சாயவில்லை, நேராகவே விழுந்துகொண்டிருந்தாள்.

"ஓம்" என்றான் ஜெனோசன்.

அட்சயா அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அருள்மலர் எடுத்த படங்களில் இருவருடைய முகமும் பல்வலிக்காரர் முகம்போலத்தான் விழுந்திருந்தது. ஒன்றையும் அழிக்காமல் எல்லாவற்றையும் கொடுத்தாள்.

கலியாணத்துக்கு முந்திய கிழமை பாலேஸ்வரி குங்குமமும் வெற்றிலைத் தட்டமுமாக ஹமில்ரனுக்குப் போய் அருவிக்கு முறைப்படி சொல்லிவிட்டு வந்தாள். கலியாணம் மார்க்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்புகிற நேரத்தில் அருவி வந்தாள். வாசலில் நின்ற பிள்ளைகள் அவளுக்கும் பன்னீர் தெளித்து, கற்கண்டு கொடுத்தார்கள். ரஹ்மத்தும்மா பக்கத்துக் கதிரைகளை விலக்கி இடம் செய்து கொடுத்தாள். பாலேஸ்வரி அருவிக்கென்று எடுத்துவைத்த பட்டுச்சேலைப் பெட்டியைக் கொடுத்தாள். பெட்டி தண்ணீரோடு மேலே போய் உள்ளே மறைந்தது. மேடையில் பொதுப்படம் எடுக்கிற நேரம் வந்தபோது வழக்கம்போல ஒரே நெரிசல். முன்னால் மறைக்கிறது, பின்னால் தெரியவில்லை என்று சத்தம். அருள்மலர் கமராவைக் கண்ணிலிருந்து எடுத்து, குழந்தைகளைக் கீழே இருக்கவைத்து, வயதானவர்களுக்குக் கதிரை போட்டு, பிறகு கையை அசைத்து, "உயரமான ஆக்கள் எல்லாரும் பின்வரிசைக்குப் போங்கோ" என்றாள்.

ஜெனோசனின் சித்தப்பா போனார், லொறிச் சாரதிகள் இருவர் போனார்கள், அருவியும் போய்ப் பின்வரிசையில் நின்றாள்.